குழி என்றால் பள்ளம், பள்ளம் என்றால் குழி

"வார்த்தைக்கு அர்த்தம் எழுதுறது ஒரு வேலையா? அதுக்கு ஏசி ரூம் வேறயா?" என்று என் சித்தப்பா கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலில் தன் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். "குழின்னா குழி. வுழுந்தவனுக்குத் தெரியாதா? நீ எழுதிக் குடுத்துத்தான் தெரியணுமா?"

நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். கல்லூரியையும் முடித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்படிப்பட்டவளை ஒரு குழி வாயடைக்க வைத்ததில் கொஞ்சம் ரோஷம்தான்.

ஒன்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்துவிட்டுச் சென்ற மாதம் விலகினேன். முப்பத்தொரு வயதில், பென்ஷன் வாங்குகிறவளைப் போல அனுபவம் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். இப்போதெல்லாம் விளக்கங்களின் முதல் வரைவை மென்பொருளே எழுதித் தந்துவிடுகிறது. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் சில சமயம் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. "அதை எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?" என்றார்கள். அதற்காக இது.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டியின் தலையில் கேமராவைப் பொருத்தித் தெருத்தெருவாகச் சாலைகளைப் படம் எடுப்பார்கள். அந்தப் படங்களில் குழி எது, வேகத்தடை எது, மூடியில்லாத சாக்கடை எது என்று கணினிக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்கு மனிதர்கள் ஒவ்வொரு படத்திலும் கட்டம் போட்டுப் பெயர் குறிக்க வேண்டும். லேபிளிங் என்பார்கள். எங்கள் நிறுவனத்தின் பெரிய அலுவலகம் வைட்ஃபீல்டில் இருந்தது. கட்டம் போடும் வேலை அடுகோடியில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த தமிழ், கன்னடப் பெண்கள். எதைக் குழி என்று குறிக்க வேண்டும், எதைக் குறிக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. கன்னடத்தில் எழுதியவர் நாகவேணி. எனக்கு மேலதிகாரியும் அவர்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அடுகோடியில் தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார், அவசரத்தில் மட்டும் கன்னடம் முந்திக்கொள்ளும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறைய ஸ்லைடு காட்டினார்கள், நிறைய டீ கொடுத்தார்கள். உண்மையான பயிற்சி நான் எழுதிய முதல் இரண்டு வரிகளில் தொடங்கியது.

"குழி: சாலையில் பள்ளம் விழுந்த இடம்" என்று எழுதினேன். பள்ளம் என்றால் என்ன என்று யாராவது கேட்பார்களே என்று முன்யோசனையாக, "பள்ளம்: சாலையில் காணப்படும் குழி" என்று அடுத்த வரியையும் சேர்த்தேன். பிழையில்லாத தமிழ். பெருமையோடு நாகவேணியிடம் நீட்டினேன்.

நாகவேணி ஒருநாளும் "தப்பு" என்று சொல்லமாட்டார். அவருடைய வழக்கமே வேறு. நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"மஞ்சுளா, நான் இன்னிக்குக் காலைலதான் பொறந்தேன். ஒண்ணும் தெரியாது. சொல்லு, குழின்னா இன்னா?"

"பள்ளம் மேடம்."

"பள்ளம்னா?"

"குழி."

"பாத்தியா, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சவளுக்கு இது போதும். நான் பச்சக் குழந்தை. என் கையில ஒண்ணுமே வெக்கலையே நீ. பசி வேற எடுக்குது."

மொத்த மாடியும் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் பேனாவை எடுத்து, குழி என்று வந்த இடத்திலெல்லாம் டப்பா என்றும், பள்ளம் என்று வந்த இடத்திலெல்லாம் டிப்பா என்றும் எழுதி என்னையே படிக்கச் சொன்னார். "டப்பா: சாலையில் டிப்பா விழுந்த இடம். டிப்பா: சாலையில் காணப்படும் டப்பா." படித்து முடிக்குமுன் நானே சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு விளக்கத்துக்கும் இந்தச் சோதனை உண்டு. விளக்க வேண்டிய சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருளில்லாத ஒரு சத்தத்தை வைக்க வேண்டும். அப்படியும் படிப்பவருக்கு ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அது விளக்கம். இல்லையென்றால், நமக்கு முன்பே தெரிந்ததை நமக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவருக்கு இப்படிச் சுற்றி வரும் வட்டம் கண்ணில் படவே படாது. அதனால்தான் அது ஆபத்து. சித்தப்பாவுக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். குழியில் விழுந்தவருக்குக் குழி தெரியும், சரி. எங்கள் கணினி இன்னும் ஒரு தடவைகூட விழவில்லையே.

இரண்டு சொல் வட்டம் சுலபம். நீளமான வட்டம்தான் ஏமாற்றும். ஒருமுறை வேகத்தடைக்கு "வண்டியின் வேகத்தைக் குறைக்கப் போட்ட மேடு" என்று எழுதினேன். மேட்டுக்கு "சாலை மட்டத்தைவிட உயர்ந்த பகுதி" என்றேன். சாலை மட்டத்துக்கு, வேறொரு நாள் வேறொரு பக்கத்தில், "குழியோ மேடோ இல்லாத பரப்பு" என்று எழுதிவைத்திருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் யோக்கியமானவை. சேர்த்துப் பார்த்தால் மேடு மேட்டுக்கே வந்து நின்றது. அதற்காகச் சுவரில் சொற்களை ஒட்டி, ஒரு சொல்லை விளக்க எந்தச் சொல்லைப் பயன்படுத்தினோமோ அதற்கு நூல் இழுத்துக் கட்ட ஆரம்பித்தோம். நூல் கீழ்நோக்கி மட்டும்தான் போக வேண்டும். எங்காவது மேலே ஏறினால் அங்கே வட்டம் இருக்கிறது.

சரி, கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கே நிற்பது? "ஓரம்" என்ற சொல்லை விளக்கப் போய் ஒருநாள் முழுவதையும் தொலைத்தேன். விளிம்பு, எல்லை, முடிவு என்று எதைத் தொட்டாலும் அது ஓரத்துக்கே கொண்டுவந்து விட்டது. சாயங்காலம் நாகவேணி வந்து, "இத்தோட வுட்ரு. இது தரை. இதுக்குக் கீழ தோண்டாத" என்றார். தரைச் சொற்கள் என்று எங்களுக்குள் ஒரு பெயர் வைத்தோம். தார், ஜல்லி, மண், தண்ணீர், ஓரம், மேலே, கீழே. இவற்றை விளக்கமாட்டோம், படத்தில் விரலை வைத்துக் காட்டுவோம். எல்லாச் சொல்லுக்கும் விளக்கம் எழுதியே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்தான் கடைசியில் வட்டத்தில் மாட்டுவார். எதை விளக்காமல் விடுவது என்று தெரிவதுதான் இந்த வேலையில் பாதி.

இதற்கு நேர் எதிரான பள்ளத்திலும் விழுந்திருக்கிறேன். வட்டமே இல்லாமல் எழுத வேண்டும் என்ற வேகத்தில், சாலைத் தடுப்புக்கு "சாலையின் நடுவே நின்று, போகும் வண்டிகளையும் வரும் வண்டிகளையும் பிரிப்பது" என்று எழுதினேன். டப்பா சோதனையில் தேறியது. நாகவேணி ஒரு படத்தைத் திறந்தார். நடுரோட்டில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. இருபுறமும் வண்டிகள் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. மாட்டைச் சுற்றி நிதானமாகக் கட்டம் போட்டு, "சாலைத் தடுப்பு" என்று குறித்தார். "நீ எழுதுனதத்தான் செஞ்சேன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு விளக்கத்தின் அடியிலும் இரண்டு படங்கள் வைத்தோம். விளக்கத்துக்குள் மயிரிழையில் அடங்கியது ஒன்று, மயிரிழையில் வெளியே போனது ஒன்று.

இனி, பிலோமினா அக்காவின் கதை.

பிலோமினா அக்கா எங்கள் தெருக்காரர். பல வருடம் கார்மென்ட்ஸில் நின்றபடியே வேலை பார்த்தவர். காலில் நரம்பு சுருண்டு, இனி நாள் முழுக்க நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தாவது பாஸ் செய்தவர் என்பதால் நான்தான் அவரை லேபிளிங்குக்கு அழைத்து வந்தேன். சேர்ந்த அன்றே நாற்காலியைத் தட்டிக்கொடுத்து, "மஞ்சு, உக்காந்துகினே சம்பளமா? சர்ச்சுல சொன்னா யாரும் நம்ப மாட்டேன்றாங்கமா" என்றார். அவர் இருந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்த இன்னும் நாலு பேர் உண்டு. ஐந்து பேரும் எந்நேரமும் கலகலவென்று இருப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில், குறித்ததைச் சரிபார்த்துப் போடும் மதிப்பெண் அந்த ஐந்து பேருக்கும் சரிந்துவிட்டது என்று வைட்ஃபீல்டிலிருந்து தகவல் வந்தது. வாரக் கடைசியோடு அவர்களை நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். அக்கா என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "திரும்பக் கார்மென்ட்ஸுக்கு என்னால முடியாது மஞ்சு. நின்னா கால் வீங்கிக்குது. நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுமா. திருத்திக்கிறேன்."

பார்த்தேன். தகராறு முழுவதும் தண்ணீர் தேங்கிய படங்களில் இருந்தது. சரியான விடை என்று கணினியில் இருந்தது "குழி". அக்கா வரிசை முழுவதும் "குழி இல்லை, தண்ணீர்" என்று குறித்திருந்தது. என் விளக்கத்தைத் திரும்பப் படித்தேன். "தார் உடைந்து, உள்ளே ஜல்லியோ மண்ணோ தெரியும் இடம்." தண்ணீருக்கு அடியில் ஜல்லி எப்படித் தெரியும்? அப்படியானால் அது குழி என்று யார் சொன்னது?

நாகவேணியும் நானும் அடுத்த நாளே டிரினிட்டியில் மெட்ரோ பிடித்து வைட்ஃபீல்டுக்குப் போனோம். தரப் பிரிவின் தலைவர் பிரகாஷ் சார் எங்களை உட்கார வைத்துக் காபி சொன்னார். நல்ல மனிதர். சேலத்துக்காரர், சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது.

"இந்தப் படத்துக்குச் சரியான விடை குழின்னு யார் சார் முடிவு பண்ணது?" என்று கேட்டேன்.

"எக்ஸ்பர்ட் டீம்தான். சும்மா யாரோ இல்லம்மா."

"எக்ஸ்பர்ட் டீம்ல யார் இருக்கலாம் சார்?"

"ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கறவங்க. அதுல காம்ப்ரமைஸே கெடையாது."

"ஸ்கோர் எதை வெச்சுப் போடறோம்?"

"சரியான விடையை எத்தனை தடவை குடுத்தாங்கன்னு பாத்து..." என்றவர் நிறுத்தி, காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்தது.

நாகவேணி கண்ணை மூடிக்கொண்டார். "சார், நான் இன்னிக்குதான் பொறந்தேன். 'சரியான விடை'ங்கற எடத்துல டப்பான்னு போட்டு ஒருதரம் சொல்லுங்க."

அவர் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. "டப்பாங்கறது எக்ஸ்பர்ட் குடுக்கறது. எக்ஸ்பர்ட்ங்கறவங்க டப்பா குடுக்கறவங்க." சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

முதல் நிபுணர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டோம். நிறுவனம் தொடங்கியபோது ஒன்றாகச் சேர்ந்து, ஒரே மேசையில் உட்கார்ந்து பழகியவர்கள். ஒருவர் விடை இன்னொருவர் விடையோடு பொருந்தியது. பொருந்தியதால் மதிப்பெண் ஏறியது. மதிப்பெண் ஏறியதால் நிபுணர் ஆனார்கள். வேறு மாதிரி பார்த்தவர்கள் தாமாகவே உதிர்ந்துபோனார்கள். யாரும் சதி செய்யவில்லை. ஒரு வட்டம் தானாகவே சுற்றி, பல பேருடைய வேலையைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

ஆனால் பிரகாஷ் சாரும் லேசுப்பட்டவர் இல்லை. "வட்டமா இருக்குன்னு ஒத்துக்கறேன். அதுக்காக அவங்க சொன்னது தப்புன்னு ஆயிடாதே? அது நெஜமாவே குழியா இருக்கலாம் இல்ல?" என்றார்.

அது நியாயமான கேள்வி. வட்டமான விளக்கம் பொய் சொல்வதில்லை. அது உண்மையா பொய்யா என்று பார்க்க முடியாமல் செய்துவிடுகிறது, அவ்வளவுதான். "அப்போ வட்டத்துக்கு வெளியில போய்ப் பாத்துடலாம் சார்" என்றேன். "மழைதான் பெய்யுதே."

மறுநாள் மதியம் அவர் அடுகோடிக்கு வந்தார். மழை விட்டிருந்தது. டயர் கடைக்குப் பின்னால் உள்ள சந்துகளில் தேங்கிய தண்ணீரையெல்லாம் போனில் படம் எடுத்தோம். முதலில் படங்களை நிபுணர் குழுவுக்கும் அக்கா வரிசைக்கும் அனுப்பி, விடைகளை வாங்கிப் பூட்டிக்கொண்டோம். பிறகுதான் நான் ஒரு நீள ஸ்கேலோடு இறங்கினேன். எதைக் குழி என்பது என்று முன்பே பேசி முடித்திருந்தோம். தார் உடைந்த இடத்தில், சுற்றியுள்ள தாரிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குமேல் ஸ்கேல் கீழே போனால் குழி. "நல்ல அனுபவசாலி பார்த்தால் தெரியும்" என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. ஸ்கேல் பிடிக்கத் தெரிந்த யார் வந்தாலும் ஒரே விடை வர வேண்டும்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாகவேணி ஒரு தேக்கத்தருகே குனிந்திருந்தபோது, ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏன் மேடம், மீனு ஹிடியோக்கே பந்தீரா?" என்றார். மீன் பிடிக்க வந்தீர்களா என்று கேட்கிறார்.

"ஹௌது குரு, நிம்கூ ஒந்து பேக்கா?" என்றார் நாகவேணி நிமிராமலே. ஆமாம், உங்களுக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டதும் ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, தனக்குத் தெரிந்த குழிகளையெல்லாம் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

முதல் இடத்தில் ஸ்கேல் பாதிவரை இறங்கியது. குழி. அடுத்தது பெரிய ஏரிபோல் தெரிந்தது, உள்ளே தார் வழுவழுவென்று இருந்தது. வெறும் தண்ணீர். மூன்றாவதைப் பார்த்ததும், "இதுக்கெல்லாம் ஸ்கேல் எதுக்கு? சும்மா ஈரம்" என்று பிரகாஷ் சார் காலை வைத்தார். ஷூ முழுவதும் உள்ளே போய்விட்டது. "குழி" என்று நான் சொன்னேன். "பாத்துட்டேன்மா" என்றார்.

மாடிக்கு ஏறி விடைகளைத் திறந்தோம். நிபுணர் குழு எல்லாவற்றையும் குழி என்று சொல்லியிருந்தது. அக்கா வரிசை எல்லாவற்றையும் தண்ணீர் என்று சொல்லியிருந்தது. ஸ்கேல் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய சரிபாதி கொடுத்தது. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மதிப்பெண் வந்திருக்கும்.

பிலோமினா அக்கா கவலையோடு கேட்டார். "அப்போ நாங்களும் தப்பாம்மா?"

"ஆமாக்கா. எல்லாருமே."

"எக்ஸ்பர்ட்டுங்களுமா?"

"அவங்களும்தான்."

அக்கா பெருமூச்சு விட்டார். "அப்போ பரவால்ல."

ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த பிரகாஷ் சார்தான் முதலில் சிரித்தவர்.

அன்று சாயங்காலமே இரண்டு மாற்றங்கள் எழுதினேன். தண்ணீர் தேங்கிய இடத்துக்குத் தனிப் பெயர் கொடுத்தோம்: "தண்ணீர், அடி தெரியவில்லை." அதைக் குழி என்றோ குழி இல்லை என்றோ யாரும் ஊகிக்கக்கூடாது. இரண்டாவது, "சரியான விடை" என்பதற்கு நான் எழுதிய விளக்கம். அதைத்தான் என் ஒன்பது வருட வேலையில் மிகவும் பெருமையாக நினைக்கிறேன். "படத்தில் உள்ள இடத்துக்கே போய் அளந்து பார்த்தபோது கிடைத்த விடை. அளக்க முடியாத இடத்துக்குச் சரியான விடை இல்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை." அதில் நிபுணர் என்ற சொல்லே வராது. நிபுணர் யார் என்பதை அதற்குக் கீழே, அதை வைத்து எழுதினேன். நூல் ஒரே திசையில் போயிற்று.

பிரகாஷ் சார் அதைத் தன் மேலிடத்துக்கு எடுத்துப்போய் வாதாடினார். ஐந்து பேரும் நிறுத்தப்படவில்லை. தண்ணீர்ப் படங்களை எடுத்துவிட்டுப் பார்த்தபோது அவர்களுடைய மதிப்பெண் மற்றவர்களைப் போலத்தான் இருந்தது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அக்கா அந்த நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குத்தான் அதன்பின் உட்கார முடியவில்லை. போகிற இடத்திலெல்லாம் அதே வட்டம் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது. குழியை யார் எப்படி விளக்கினாலும் குழிக்கு நோகாது. ஆனால் நல்ல வேலைக்காரர், நம்பகமானவர், தகுதியுள்ளவர் என்ற சொற்கள் வட்டமாக இருந்தால் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார், ஏன் நிற்கிறோம் என்று அவருக்கே தெரிவதில்லை.

சென்ற மாதம் பிரகாஷ் சார் போன் செய்தார். அவருடைய நண்பர் வைட்ஃபீல்டு அலுவலகங்களுக்கு ஊழியர்களை ஏற்றி இறக்கும் ஷட்டில் வண்டிகள் வைத்திருப்பவர். அவருடைய டிரைவர்களில் பாதிப் பேருக்கு டிரிப்பே கிடைப்பதில்லை என்று தகராறாம். "நல்ல டிரைவருக்குத்தான் டிரிப் குடுக்கறாங்கம்மா" என்றார்.

"நல்ல டிரைவர்னா யார் சார்?"

"அதிக டிரிப் ஓட்டினவங்களாம்" என்று சொல்லிவிட்டு, அவரே சிரித்தார். "அதனாலதான் உனக்குப் போன் பண்ணேன்."

நான் ராஜினாமா கொடுத்த காரணம் இதுதான். அடுகோடியில் ஒரு சின்ன அறை எடுத்து, இப்படி விளக்கம் எழுதித்தரும் வேலையைச் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஷட்டில் கொட்டகைக்குப் போனேன். மூன்று வாரமாக டிரிப் கிடைக்காத முனிராஜ் என்ற டிரைவர், வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"நான் நல்ல டிரைவரா இல்லையான்னு நீங்கதான் எழுதப் போறீங்களா மேடம்?" என்றார் சந்தேகமாக.

"இல்லண்ணா. வண்டி திரும்புறப்போ உள்ள இருக்கறவங்க சாயறாங்களா, பிரேக் போட்டா முன்னாடி போய் இடிக்கிறாங்களா, அதை மட்டும்தான் எழுதப் போறேன். கெளம்பலாமா?"

முன் சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டேன். முனிராஜ் கண்ணாடியைச் சரிசெய்து வண்டியை எடுத்தார்.